வாழ்த்து அட்டையின் பின்பக்கம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் வாழ்த்து என்றதும் நினைவுக்கு வருவது முன்பக்கம்தான். பொங்கும் பானை, ஜோடிக் காளை, எம்.ஜி.ஆர்., சிவாஜி, ஜிகினா தூவிய முருகன். அந்தப் படங்கள் ஆயிரக்கணக்கில் அச்சானவை. தேடினால் இன்னொன்று கிடைத்துவிடும். உள்ளே அத்தை கைப்பட எழுதிய நாலு வரி வேறெங்கும் கிடைக்காது. ஆகவே படத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது. எழுத்தையும் உறையையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும்.

உறையைத்தான் முதலில் தூக்கி எறிகிறோம். பெரும்பாலான அட்டைகளில் ஆண்டு அச்சாகியிருக்காது. தேதி சொல்வது ஸ்டாம்பின் மேல் விழுந்த தபால் முத்திரைதான். சேகரிப்புக்காக ஸ்டாம்பை வெட்டி எடுத்தால் தேதியும் கூடவே போய்விடும். முத்திரை மங்கியிருந்தால் விலாசத்தைப் பாருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அது இருந்தால் அஞ்சல் அதற்குப் பிற்பட்டது. வெறுமனே ‘சென்னை-4’ என்று பழைய அஞ்சல் வட்டார எண் மட்டும் இருந்தால் முற்பட்டது என்று அடித்துச் சொல்லிவிட வேண்டாம். பழைய பழக்கத்தை விடாதவர்கள் நிறையப் பேர்.

தயவுசெய்து லாமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் உருகிய பசை தாளின் இழைக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. புடைப்பாக அச்சிட்ட பானை தட்டையாகிவிடும். தாளிலேயே இருக்கும் அமிலம் உள்ளே இருந்தபடி அரித்துக்கொண்டிருக்கும்.

அடுத்த எதிரி செல்லோடேப். சில ஆண்டுகளில் நாடா உதிரும். பழுப்புக் கறை மட்டும் எழுத்தின் மேல் நிலைத்துவிடும். மடிப்பு கிழிந்திருந்தால் மைதாப் பசை போதும். ஒரு ஸ்பூன் மாவை ஆறு ஸ்பூன் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல் ஆகும்வரை காய்ச்சி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். பைண்டிங்காரர்கள் பூச்சி வராமலிருக்கப் போடும் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) இதில் வேண்டாம், தாள் நிறம் மாறும். பழைய தாள்களைச் செப்பனிடப் பயன்படும் மெல்லிய, நீண்ட இழையுள்ள ஜப்பானியத் தாளை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கையால் கிழித்துக்கொள்ளுங்கள். கத்தரித்த ஓரம் வரப்பு மாதிரித் துருத்தி நிற்கும். கிழித்த ஓரத்தின் இழைகள் தாளோடு படிந்துவிடும். பசையை லேசாகத் தடவி ஒட்டி, மேலும் கீழும் பட்டர் பேப்பர், அதன்மேல் ஒற்றுத்தாள், கனமான புத்தகம். ஒரு இரவு அசைக்கக் கூடாது. மைப்பேனா எழுத்துள்ள இடத்தில் இந்த ஈரமே ஆபத்து. நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுப் பாருங்கள். மை பஞ்சில் ஏறினால் ஒட்டுவேலையை அங்கே நிறுத்திவிடுங்கள்.

துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை நகத்தால் நெம்பக் கூடாது. பின்னுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, பின்புறக் கால்களை நிமிர்த்திவிட்டு, முன்புறமாக இழுங்கள்.

பரண் வேண்டாம், அங்கே வெயில்சூடு இறங்கும். மழைநீர் ஊறும் வெளிச்சுவர் ஓரமும் வேண்டாம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். வெள்ளிமீன் பூச்சிக்கும் அந்த ஈரம்தான் வசதி. பி.வி.சி. உறைகள் நாளாக நாளாகப் பிசுபிசுத்து அச்சு மையையே உரித்தெடுக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு துண்டுத்தாளில் யார், யாருக்கு, எந்த ஊரிலிருந்து என்று பென்சிலால் எழுதி அட்டையோடு வையுங்கள். ‘இப்படிக்கு, உன் சின்னம்மா’ என்று மட்டும் இருந்தால் எந்தச் சின்னம்மா? கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், இந்தப் பொங்கலுக்கே பெட்டியை அவர் முன்னால் பிரியுங்கள்.