பின்கட்டு மேஜை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வாணியம்பாடிக்காரன். அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்தவர். தோல் ஊறுகிற வாடை எங்கள் தெருவிலேயே குடியிருந்தது. வெளியூர் உறவினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாது. 1994-ல் தோல் ரசாயனம் விற்கும் வேலைக்காகக் கல்கத்தா போனேன். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் டாங்ரா என்று ஓர் இடம். ஆட்டோவை விட்டு இறங்கினால் அதே வாடை! வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது போல இருந்தது. ஆனால் சுவரெல்லாம் சீன எழுத்து.

டாங்ராவில் தோல் பதனிட்டவர்கள் ஹக்கா சீனர்கள். ஹக்கா என்றால் அவர்கள் மொழியில் விருந்தாளிக் குடும்பம் என்று பொருள். தெற்குச் சீனாவின் மெய்சியன் பக்கத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள். கல்கத்தா சீனர்களில் கான்டன்காரர்கள் தச்சு வேலை செய்தார்கள், ஹூபேகாரர்கள் பல் கட்டினார்கள், ஹக்காக்கள் தோலையும் செருப்பையும் எடுத்துக்கொண்டார்கள். தோலைத் தொடுவது தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கிய இடத்தில் இவர்களுக்குப் பிழைப்பு கிடைத்தது. வாணியம்பாடிக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் சரக்குக் கொடுத்த ஒரு ஷாப்பின் முன்பக்கம் சாப்பாட்டுக் கடையாக மாறியிருந்தது. எட்டு மேஜைகள். சமையற்கட்டை ஒட்டி ஒன்பதாவதாக ஒரு வட்ட மேஜை. அதில் வாடிக்கையாளர் யாரும் உட்கார மாட்டார்கள். அதன் ஒரு பக்கத்தில் பாட்டி பீன்ஸ் நாரெடுத்துக்கொண்டிருப்பார். எதிரே பேத்தி கணக்கு நோட்டை விரித்து வைத்திருப்பாள். நடுவில் பில் புத்தகம், பூண்டுக் கூடை. முன்னால் கடை, பின்னால் வீடு; இரண்டுக்கும் நடுவே அந்த மேஜை. இன்று நான் பேச வந்ததே அந்த மேஜையைப் பற்றித்தான்.

கடைக்காரரை தாதா என்று கூப்பிடுவேன், வங்காளத்தில் அண்ணனுக்கு அதுதான் சொல். ஒரு மழை இரவு. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், கரண்ட் இல்லை, ஒரு ஆள் சாப்பிட வரவில்லை. "நீயும் உட்கார்" என்று அந்த மேஜையில் இடம் கொடுத்தார். பௌதி, அதாவது அவர் மனைவி, ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். உப்புப் போட்டு வெயிலில் காயவைத்த கடுகுக்கீரை, அதன் மேல் பன்றி இறைச்சித் துண்டுகள், நீராவியில் மணிக்கணக்கில் வெந்தது. மிளகாய் கிடையாது. வாயில் வைத்தால் கரைகிறது. இது ஏன் மெனுவில் இல்லை என்று கேட்டேன். "இது எங்களுக்கு. மெனு உங்களுக்கு" என்றார்.

அப்புறம்தான் பேச்சு வந்தது. அவருடைய அப்பா ஷில்லாங்கில் செருப்புக் கடை வைத்திருந்தவர். 1962 நவம்பரில், சீனாவுடன் சண்டை நடந்தபோது, ராத்திரியில் போலீஸ் வந்தது. குடும்பத்தோடு ரயிலில் ஏற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இவருக்கு அப்போது ஏழு வயது. அந்த முகாமில் கிட்டத்தட்ட மூவாயிரம் பேரை வழக்கும் இல்லாமல் விசாரணையும் இல்லாமல் அடைத்து வைத்திருந்தார்கள். சிலர் 1967 வரை உள்ளேயே இருந்தார்கள். பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். இதை நம்மில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தில் படித்தோம்? நான் படிக்கவில்லை.

முகாமில் முதலில் வேகாத சோறு வந்ததாம். பிறகு ரேஷன் கொடுத்து, நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். "அம்மா எனக்கு அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுத்தது அங்கேதான்" என்றார் தாதா. குரலில் கோபமில்லை, கையிலிருந்த பூண்டை உரித்துக்கொண்டே சொன்னார். விடுதலையாகி வந்தால் ஷில்லாங் கடை இல்லை. டாங்ராவில் தாய்மாமன் ஷாப்பில் ஒண்டினார்கள். அதன் பிறகும் பல வருடம், ஊர் விட்டு ஊர் போக அனுமதி வாங்க வேண்டும்.

இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். சீனர்கள் என்றாலே ஹோட்டல் என்று நினைக்கிறோம், ஏதோ பிறக்கும்போதே கையில் கரண்டியோடு பிறந்தவர்கள் மாதிரி. அந்தக் குடும்பத்தில் முன்னால் யாரும் சமையல்காரர் இல்லை. மற்ற வாசல்கள் சாத்தப்பட்டபோது அடுப்படி வாசல் ஒன்றுதான் திறந்திருந்தது. கடை போட வேண்டி வந்ததால் சமைத்தார்கள்.

மிச்சமிருந்த தோலும் 1996-ல் போயிற்று. தோல் ஷாப்புகள் எல்லாம் நகரத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் பாலாற்றுத் தோல் ஷாப்புகளின் வழக்கில் தீர்ப்பு வந்ததும் அதே வருடம்தான். கழிவு நீரில் செத்த ஆற்றைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டாங்ராவில் சில குடும்பங்களால்தான் பன்தலாவில் புது இடம் வாங்கிப் போக முடிந்தது. மற்றவர்கள் தோல் காயப்போட்ட கூடத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மேஜை போட்டார்கள்.

சரி, என்ன சமைத்தார்கள்? நமக்குப் பிடித்ததை. கோழியைச் சோளமாவில் புரட்டிப் பொரித்து, பச்சை மிளகாய், வெங்காயம், சோயா சாஸ். நம் ஊர்ப் பரோட்டாக் கடையில் சில்லி சிக்கன் என்று எழுதிப் போட்டிருக்கிறதே, அதன் வேர் கல்கத்தா சீனர்களின் சமையற்கட்டுகளில்தான். கோபி மஞ்சூரியனுக்கு முன்னோடியான சிக்கன் மஞ்சூரியனை 1975 வாக்கில் பம்பாயில் உருவாக்கிய நெல்சன் வாங்கும் கல்கத்தாவில் பிறந்தவர்தான். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் வரைக்கும் நம் சமையல்; அதற்கப்புறம் கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ். சீனாவில் போய் மஞ்சூரியன் கேட்டால் யாருக்கும் புரியாது.

தாதாவின் பெண், அந்தக் கணக்கு நோட்டுக்காரி, இப்போது டொராண்டோவில். அவளும் சாப்பாட்டுக் கடைதான். அங்கே ஹக்கா சாப்பாடு என்று போர்டு போட்டால் இந்தச் சில்லி சிக்கனைத்தான் தேடி வருகிறார்களாம். கல்கத்தாவை விட்டுப் போன வங்காளிகளும் பஞ்சாபிகளும் வரிசையில் நிற்கிறார்கள் என்றாள். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன்; கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான்.

டாங்ராவில் ஒரு சீனக் காளி கோவில் இருக்கிறது, அங்கே அம்மனுக்கு நூடுல்ஸும் படைப்பார்கள். அதையும் சொல்ல முடியவில்லை. கல்கத்தா போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை டிரெட்டா பஜாருக்குக் காலை ஆறரைக்கே போய்விடுங்கள். சீனக் குடும்பங்கள் தெருவோரத்தில் சுடச்சுட மீன் உருண்டை சூப்பும் கொழுக்கட்டையும் விற்பார்கள். வெயில் ஏறிவிட்டால் பாத்திரம் கழுவுவதைத்தான் பார்க்கலாம். வணக்கம்.