கீழே நின்று பேசிய ஏட்டையா

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் வீடியோ இல்லை, பழைய வீடு சுற்றிக் காட்டுவதும் இல்லை. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே, ஓர் ஊருணிக் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் தெரிகிறதே செல்போன் டவர், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சித்திரை மாத வெயிலில், ஒரு பையன் அதன் மேல் ஏறி நின்றான். வயது இருபத்தைந்து இருக்கும். ஏதோ ஒரு கம்பெனியில் வாங்கிய கடன். வசூலுக்கு வந்தவர்கள் தெருவே கேட்கிற மாதிரி அவன் அம்மாவைப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். காலை பதினொரு மணிக்கு ஏறினான். கீழே இருநூறு பேர் கூடிவிட்டோம். நானும் போனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனது அறுக்கிறது. "இறங்குடா", "கேஸ் போட்டு உள்ளே தள்ளிருவாங்கடா", "அம்மாவை நினைச்சியாடா" என்று ஆளாளுக்குக் கத்தினோம். யார் சொல்வது அவன் காதில் விழும்?

அப்போதுதான் ஒரு ஏட்டையா வந்தார். முதலில் அவன் பக்கம் பார்க்கவே இல்லை. எங்கள் பக்கம் திரும்பி, மெதுவாக, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். எங்களை விலக்கவே அரை மணி நேரம் ஆனது. அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டவருக்கு நேர் கீழே நிற்காமல் அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தள்ளிப் போய் நின்று கேட்டார்: "தம்பி, நான் இந்த ஸ்டேஷன் ஏட்டு. மேலே ஏற மாட்டேன், யாரையும் ஏறவும் விட மாட்டேன். என்ன நடந்துச்சு?"

அவன் பதில் சொல்லவில்லை. அவரும் பேசவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். அவ்வளவு நேரம் ஒரு மனிதர் பதிலுக்காகச் சும்மா நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

ஒரு நிமிஷம், பஸ் போகட்டும்.

சரி. அவரைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். கேமரா வேண்டாம், பேர் வேண்டாம் என்றார், அதனால் பேர் சொல்லவில்லை. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, இந்த வேலையைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வெளிநாட்டுப் போலீசில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நெகோஷியேட்டர் என்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பேசி இறக்குகிறவர்.

அது தொடங்கிய கதையைச் சொல்கிறேன். 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் 9 பேர் இறந்தது போலீஸ் மீட்கப் போன நேரத்தில். இதே மாதிரி நம் ஊரில் நடந்தால் என்ன செய்வோம் என்று நியூயார்க் போலீஸ் யோசித்தது. அங்கே ஹார்வி ஷ்லாஸ்பெர்க் என்று ஒரு துப்பறியும் அதிகாரி இருந்தார். உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவரும் ஃபிராங்க் போல்ஸ் என்ற இன்னொரு அதிகாரியும் சேர்ந்து 1973இல் ஒரு குழுவைக் கட்டினார்கள். "என்னிடம் பேசு" என்பதுதான் அந்தக் குழுவின் வாசகம். என்னிடம், ஒருமையில். இருநூறு பேரிடம் இல்லை.

அதே 1973 ஜனவரியில் புரூக்ளினில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கொள்ளையடிக்க வந்த நான்கு பேர் உள்ளே இருந்தவர்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டார்கள். தொடக்கத்திலேயே ஒரு போலீஸ்காரர் சுடப்பட்டு இறந்துவிட்டார். கூட வேலை பார்த்தவனைப் பறிகொடுத்த போலீசுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் பாய்ந்து உள்ளே போகாமல் காத்திருந்தார்கள். 47 மணி நேரம். பிணையாக இருந்தவர்கள் மொட்டை மாடி வழியாகத் தப்பி வந்தார்கள், கடைசியில் அந்த நான்கு பேரும் சரணடைந்தார்கள்.

நம்மிடம் "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று ஒரு பழமொழி இருக்கிறது. எதையும் சூட்டோடு சூடாக முடித்துவிட வேண்டும் என்பார்கள். இந்த வேலையில் ஆற விடுவதுதான் வேலையே. கோபமும் பயமும் அவமானமும் உச்சத்தில் இருக்கிறவனுக்கு மூளை வேறு எதையும் வாங்காது. நேரம் போகப் போக உடம்பு களைக்கும், தாகம் எடுக்கும், மூச்சு நிதானமாகும், அப்புறம்தான் காதில் விழும். ஏட்டையா இதை ஒரே வரியில் சொன்னார்: "கை கடிகாரத்தைப் பார்த்தா அவன் பார்த்துருவான்யா, அதனால ஜீப்புலயே கழட்டி வச்சுட்டுப் போவேன்."

அடுத்தது, கேட்பது. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. இதைப் படிக்கட்டு மாதிரி வரைந்து பயிற்சி கொடுக்கிறது. முதல் படி காது கொடுத்துக் கேட்பது. அடுத்து அவன் நிலையை உணர்வது, அதற்கு மேல் நெருக்கம். அதற்கும் மேலேதான் நம் சொல் அவனிடம் எடுபடும், கடைசிப் படியில்தான் அவன் மனம் மாறும். நாம் எல்லோரும் நான்காவது படிக்கு நேராகத் தாவுகிறோம். புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம்.

எப்படிக் கேட்பது என்பதற்கும் முறைகள் இருக்கின்றன. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பத்தா ஞாபகம் வந்தது. ராத்திரி முற்றத்தில் படுத்துக்கொண்டு கதை சொல்லும். நாங்கள் ம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். அந்த ம் கொட்டுவதைத்தான் அங்கே வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவன் கடைசியாகச் சொன்ன இரண்டு வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்வது இன்னொன்று. "தெருவே பார்த்துச்சு" என்று அவன் சொன்னால், "தெருவே பார்த்துச்சா..." என்று நிறுத்தினால் போதும், மீதியை அவனே சொல்வான். அவன் மனதில் இருக்கிற உணர்வுக்கு ஒரு பேர் வைப்பதும் உண்டு. ஏட்டையா அன்றைக்கு "அம்மாவை அப்படிப் பேசினது உனக்கு ரொம்ப அவமானமா இருந்திருக்கும்ல" என்றார். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டேன். மேலே அவன் அழ ஆரம்பித்தான்.

"ஏன்" என்று தொடங்காதே என்பதும் ஒரு பாடம். "ஏன்டா இப்படிச் செஞ்சே" என்பது கேள்வி மாதிரி இருந்தாலும் திட்டுதான். "என்ன நடந்துச்சு" என்றால் கதை வரும்.

சாகிற எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படித் தூண்டாது என்றுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். ஒருவராவது வெளிப்படையாகக் கேட்டாரே என்று அவர்களுக்குப் பாரம் இறங்குகிறது. உங்கள் வீட்டில், உங்கள் நண்பர்களில் யாரைப் பற்றியாவது கவலை இருந்தால் தயவு செய்து கேளுங்கள். 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 104ம் இருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து பேச வைப்பது. இதில் நம் ஊருக்கும் அந்த நெகோஷியேட்டர்களுக்கும் நேர் எதிர். நாம் உடனே பெண்டாட்டியை, மாமனாரைக் கூப்பிட ஓடுவோம். நெகோஷியேட்டர்கள் அதைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். யாரால் மனம் உடைந்து ஏறினானோ அவரையே கொண்டுவந்து எதிரே நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக. ஏட்டையா இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு ஊரில் ஒருவரின் மனைவியை இவரே ஜீப்பில் கூட்டிப் போயிருக்கிறார். அந்த அம்மா அழுதுகொண்டே கத்தியது. அந்த மனிதரைக் காப்பாற்ற முடியவில்லை. அதைச் சொல்லும்போது டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் சொல்லக் கூடாது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். "கடனைத் தள்ளிருவாங்க தம்பி" என்று சொல்வது எவ்வளவு சுலபம்! அவர் சொல்லவில்லை. "அது என் கையில இல்ல, இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். பேசுகிறவர் முடிவெடுக்கக் கூடாது, முடிவெடுக்கிறவர் பேசக் கூடாது என்பது அந்த நாட்டுப் பயிற்சியிலும் இருக்கிற விதி. கேட்டுவிட்டு வருகிற நேரமும் ஆறுகிற நேரம்தான்.

பேசுகிறவரும் முடிவெடுக்கிறவரும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் வேக்கோ இருக்கிறது. 1993இல் டெக்சாசில் ஒரு மதக்குழுவினரை 51 நாள் முற்றுகை போட்டார்கள். பேசியவர்கள் பேசிப் பேசியே 35 பேரை வெளியே கொண்டுவந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. மறு பக்கம் அதே போலீஸ் கரண்டைத் துண்டித்தது, ராத்திரியெல்லாம் ஒலிபெருக்கியில் இரைச்சல் போட்டது. ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை தட்டிவிட்டது. ஏப்ரல் 19 அன்று உள்ளே புகுந்தார்கள். தீப்பிடித்து 75 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமில்லை.

நல்லபடியாக முடிந்த ஒன்றும் அதே வருடம் நடந்தது. பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து கிளம்பிய ஒரு லுஃப்தான்சா விமானத்தை ஒருவன் கடத்தி நியூயார்க்கில் இறக்கினான். டொமினிக் மிசினோ என்ற நெகோஷியேட்டர் பேசினார். கடைசியில் அவன் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு விமானியின் கூலிங்கிளாசை வாங்கிக்கொண்டான். ஒருவருக்கும் காயமில்லை. எனக்கு அந்தக் கூலிங்கிளாஸ் ரொம்பப் பெரிதாகப் படுகிறது. தோற்றுப்போன மாதிரி இல்லாமல் வெளியே வர ஒரு வழி கொடுத்திருக்கிறார்கள்.

நம் பக்கம்? 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமையால், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு குடும்பமே போனது. அதற்கு முன்னால் அவர்கள் மனு கொடுத்துப் பார்த்தவர்கள். இன்றைக்குத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வாசலிலேயே பையைச் சோதிக்கிறார்கள். சோதிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பையைத் திறந்து பார்க்கிற இடத்தில் அந்த மனிதரை உட்கார வைத்துக் கேட்க ஒரு ஆள் இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருவர் வேண்டும் என்பது என் ஆசை, என் கோரிக்கை.

கேஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை முதல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பழைய 309 பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காகச் செய்தால் மட்டும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆகவே கீழே நின்று "கேஸ் போடுவாங்கடா" என்று கத்தாதீர்கள். இறங்கலாம் என்று நினைப்பவனையும் அது பயமுறுத்தும்.

சரி, அந்தப் பையன். ஒரு மணிக்கு மேல் அவன் கடனைப் பற்றிப் பேசி முடித்து அமைதியாகிவிட்டான். ஏட்டையா அவன் கையில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்திருக்கிறார். "மாடு வச்சிருக்கியா?" என்று கேட்டார். மஞ்சுவிரட்டுக் காளை. கன்றிலிருந்து வளர்க்கிறானாம். எத்தனை பல்லு என்றார், மாட்டுக்குப் பல்லை வைத்துத்தான் வயது சொல்வார்கள். ரெண்டு பல்லு. தொழுவிலிருந்து அவிழ்த்துவிட்டால் எந்தப் பக்கம் பாயும், யாரைக் கிட்டே விடும், என்ன தீனி என்று முக்கால் மணி நேரம் அந்த வெயிலில் காளைக் கதைதான்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தில் கெவின் பிரிக்ஸ் என்ற சார்ஜென்ட் பல வருடம் ரோந்து போனவர், 2013இல் ஓய்வு பெற்றார். பாலத்தின் விளிம்பில் நிற்பவர்களிடம் "நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பாராம். ஒன்றும் இல்லை என்றால், வாருங்கள், சேர்ந்து ஒன்று யோசிப்போம் என்பாராம். நம் ஏட்டையா அவர் பேரைக் கேள்விப்பட்டதில்லை. அவர் கேட்டது, "நாளைக்குக் காலையில அதுக்கு யாரு தண்ணி காட்டுறது?"

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். "வேற ஆளைக் கிட்ட விடாதுங்க" என்றான். இரண்டரை மணிக்கு, தானாகவே, ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து இறங்கினான். ஏட்டையா கையைப் பிடித்து இழுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஜீப்பில் பின்னால் ஏற்றாமல் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். நான் எடுத்த வீடியோவை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

இந்தத் தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போயிருந்தேன். பொட்டலில், கூட்டத்துக்கு வெளியே, புது வேட்டியும் துண்டுமாக அவன் நின்றான். என்னை அவனுக்குத் தெரியாது. காளை கழுத்தில் புதுக் கயிறு, கொம்புக்கு எண்ணெய் போட்டிருந்தான். பக்கத்தில் நின்ற பெரியவர் எத்தனை பல்லு என்று கேட்டார்.

"ஆறு பல்லுங்க ஐயா" என்றான்.