ஓமான் பயணம்: எங்கே என்பதற்கு முன் எப்போது

அனைவருக்கும் வணக்கம். ஓமானுக்குச் சுற்றுலா செல்ல எண்ணுபவர்களுக்காக இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். ஆனால் அந்த நாட்டில் ஓர் இடத்தை நிறைவாகப் பார்ப்பதும், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் நாம் போய்ச் சேரும் வேளையைப் பொறுத்தவை என்பதால், இன்று வேளைகளைப் பற்றியே பேசப் போகிறேன்.

முதலில் பருவத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை மஸ்கட்டில் பகலிலும் நடமாட முடியும். மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். குழந்தைகளையும் முதியவர்களையும் அப்போது அழைத்துச் செல்லாதீர்கள். தெற்கே சலாலா மட்டும் விதிவிலக்கு. நமக்கு மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை அங்கும் சாரலாக இறங்கி, மலைகளைப் பச்சையாக்கிவிடுகிறது. வளைகுடா முழுவதிலிருந்தும் குடும்பங்கள் அங்கே திரளும் காலம் அது என்பதால், விடுதி அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

வார விடுமுறை அங்கே வெள்ளியும் சனியும். மஸ்கட்டில் 2001-இல் திறக்கப்பட்ட சுல்தான் காபூஸ் பெரிய மசூதிக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் சனி முதல் வியாழன் வரை, காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள்தான் செல்ல முடியும். பெண்கள் தலைமுடியையும், மணிக்கட்டும் கணுக்காலும் வரை உடலையும் மறைத்திருக்க வேண்டும்; ஆண்களுக்கு முழுக்கால்சட்டை தேவை. அறுநூறு பெண்கள் நான்கு ஆண்டுகள் நெய்த 21 டன் எடையுள்ள கம்பளம் தொழுகைக் கூடத்தில் விரிக்கப்பட்டிருக்கிறது. அவசரமாகப் பார்த்துத் திரும்பும் இடமல்ல அது. எட்டு மணிக்கே வாசலில் இருங்கள். அதே நகரிலுள்ள மத்ரா என்ற பழைய சந்தையின் கடைகள் நண்பகலுக்குப் பின் சில மணி நேரம் மூடிக்கிடக்கும். மாலையில் செல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையை உள்நாட்டிலுள்ள பழைய கோட்டை நகரமான நிஸ்வாவுக்கு ஒதுக்குங்கள். கோட்டையின் அருகில் நடக்கும் ஆட்டுச்சந்தையில், விற்பவர்கள் ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி வர, இருபுறமும் நிற்பவர்கள் கைகாட்டி நிறுத்தி, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து விலை பேசுவார்கள். வெயில் ஏறுவதற்குள் சந்தை கலைந்துவிடும் என்பதால் ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருப்பது நல்லது. அந்த வட்டப் பாதையில் குறுக்கே நின்று படம் எடுக்காதீர்கள். பெண்களைப் படம் எடுப்பதற்கு முன் அவர்களிடம் கட்டாயம் அனுமதி கேளுங்கள்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். ஓமானின் வாதிகள், அதாவது மலையிடுக்கில் ஓடும் காட்டாற்றுப் படுகைகள், அந்நாட்டின் பேரழகு. சூர் நகருக்குச் செல்லும் வழியிலுள்ள வாதி ஷாபில் படகில் நீரைக் கடந்து, பாறைகளின் நடுவே முக்கால் மணி நேரம் நடந்து, குளங்களில் நீந்தினால் குகைக்குள் விழும் அருவியைக் காணலாம். ஆனால் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே, எங்கோ மலையுச்சியில் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்து படுகையை நிரப்பிவிடும். 2024 ஏப்ரலில் பள்ளிப் பிள்ளைகள் சென்ற வாகனத்தையே அப்படியொரு வெள்ளம் அடித்துச் சென்றது. ஆகவே மழை எச்சரிக்கை உள்ள நாளில், எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருந்தாலும், வாதிக்குள் இறங்காதீர்கள். சாலையின் குறுக்கே நீர் ஓடினால் முன்னால் போகும் வண்டியைப் பின்தொடராமல் கரையிலேயே காத்திருங்கள். வெள்ளத்தில் வண்டியை இறக்குவதற்கு அங்கே சிறையும் அபராதமும் உண்டு. அவசர உதவிக்கான எண் 9999.

வண்டியை நீங்களே ஓட்டுவதாக இருந்தால், அங்கே போக்குவரத்து சாலையின் வலப்பக்கம் என்பதை மறவாதீர்கள். ஜபல் அக்தர் மலையடிவாரத்தில் காவலர்கள் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பார்த்து, நான்கு சக்கர இயக்கம் கொண்டவற்றை மட்டுமே மேலே அனுப்புவார்கள். அந்த மலையில் ரோஜா அறுவடையும் பன்னீர் வடிப்பதும் மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை நடக்கும். அதைக் காண விரும்புபவர்கள் வாடகை வண்டி எடுக்கும்போதே நான்கு சக்கர இயக்கம் கொண்டது வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு ரியால் ஆயிரம் பைசா என்பதால் விலைப்பட்டியலில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் இருக்கும், 0.500 என்றால் அரை ரியால்.

ரமலான் மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னகர்ந்து வருவதால், வரும் சில ஆண்டுகளுக்கு அது நல்ல சுற்றுலாப் பருவத்திற்குள்ளேயே அமையும். அந்த மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்பதும், குடிப்பதும், புகைப்பதும் சட்டப்படி குற்றம். தண்ணீரைக்கூட விடுதி அறையில்தான் குடிக்க வேண்டும். பெரும்பாலான உணவகங்கள் மாலை வரை திறப்பதில்லை. ஆனால் நோன்பு திறந்த பின் கடைவீதிகள் நள்ளிரவைத் தாண்டியும் கலகலப்பாக இருக்கும். பகலில் ஓய்வெடுத்து இரவில் சுற்ற மனமிருந்தால் தாராளமாகச் செல்லலாம். மலையேறவும் வாதிகளில் நடக்கவும் விரும்புபவர்கள் ரமலான் எப்போது தொடங்குகிறது என்று பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால், ராயல் ஓமான் காவல்துறையின் இணையதளத்திலேயே அவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.