ராணித் தேனீ என்ன ஆச்சு?

நடுவர் அவர்களே, வணக்கம். பிள்ளைகளுக்கு வாசிப்பு ருசியை ஏற்றுவது நூலகமா, புத்தகக் கடையா என்பது இன்றைய தலைப்பு. எதிரணி அக்கா, 1948இலேயே பொது நூலகச் சட்டம் போட்டது அன்றைய சென்னை மாகாணம் என்று ஆரம்பித்து, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவில் நிற்கிற மரம் வரைக்கும் போய், கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரி அக்கா, நானும்தான் சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறேன். நூலகம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பசிக்கிற பிள்ளைக்கு அது சோறு போடும். பசியே எடுக்காத பிள்ளையை என்ன செய்வது?

எங்கள் பள்ளிக்கூட நூலகம் இரண்டு கண்ணாடி பீரோ, ஒரு பூட்டு. இன்ஸ்பெக்‌ஷன் என்றால்தான் அது திறக்கும். தூசி தட்டி ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் திணிப்பார்கள். ஆறாம் வகுப்பில் எனக்கு வந்தது தேனீ வளர்ப்பு. பதினைந்தாம் பக்கம் போனபோது அதிகாரி கிளம்பிவிட்டார், புத்தகமும் பீரோவுக்குள் போய்விட்டது. அந்த ராணித் தேனீ என்ன ஆச்சு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நடுவர் அவர்களே!

இப்போது என் மகள் கதைக்கு வருகிறேன். ஏழு வயது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், 1977இலிருந்து நடக்கிற நம்ம சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கூட்டிப்போனேன். நான் நீதிக்கதையை நீட்டுகிறேன், அவள் பாம்புப் புத்தகத்தை விடமாட்டேன் என்கிறாள். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, ஒரு ஸ்டூலை மட்டும் நகர்த்திப் போட்டார். அவள் அதில் உட்கார்ந்து, பிரித்து, மோந்து பார்த்து, எழுத்துக்கூட்டி, மூன்றாம் பக்கத்தில் ‘அப்பா, பாம்புக்குக் காது இல்லையாம்!’ என்று கத்தினாள் பாருங்கள், பக்கத்து ஸ்டாலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். காசையும் அவள் கையாலேயே கொடுக்கவைத்தேன். வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தில் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதினாள். நூலகப் புத்தகத்தில் அப்படி எழுதினால் அபராதம்தானே அக்கா? ஒரு வாரம் அது தலையணைக்கு அடியில்தான் இருந்தது, பாட்டியைப் பிடித்து உட்காரவைத்துப் பாம்பைப் பற்றி வகுப்பெடுத்தாள், பாவம் பாட்டிக்குப் பாம்பு என்றாலே ஆகாது.

கடை என்றால் காசு வேண்டாமா என்று எதிரணித் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 1957இல் அரசு தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் எதற்கு இருக்கிறது? தமிழிலும் குழந்தைகளுக்குப் படம் போட்டு மலிவாகப் போடுகிறார்கள், போய் விலையைப் பாருங்கள், தம்பி தினம் மகனுக்கு வாங்கித் தரும் சிப்ஸோடு கூட்டிக் கழித்தும் பாருங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. அரை மணி நேரம் புரட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தாலும், அடுத்த வாரம் எப்போது போவோம் என்று பிள்ளை கேட்குமே, அது போதாதா எனக்கு!

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சின்ன ஊர்களில் புத்தகக் கடை என்று போர்டு இருக்கும், உள்ளே போனால் கைடும் நோட்டும் ஜாமெட்ரி பாக்ஸும்தான். அதற்குத்தான் 2022-23 பட்ஜெட்டில் எல்லா மாவட்டத்துக்கும் புத்தகத் திருவிழா என்று அறிவித்தார்கள். அங்கேயும் சில அப்பாக்கள் பிள்ளையின் கையைப் பிடித்து நேராக நீட் ஸ்டாலுக்கு இழுத்துப்போகிறார்கள், அது கடையின் குற்றமா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துவிடுகிறேன். தம்பி, வருகிற ஜனவரியில் உங்கள் மகனை நந்தனத்துக்கு அனுப்புங்கள். முதல் நாள் அவன் கேன்டீன் பஜ்ஜிக்குத்தான் வருவான், வரட்டும், பஜ்ஜி என் செலவு. புத்தகத்தை மட்டும் அவனே எடுக்கட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள்.