கறிவேப்பிலைக்குக் கப்பல் வருமா?

(களியக்காவிளையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘சின்னத் தீவில் போய்க் குடியேறலாமா, வேண்டாமா?’ குடியேறலாம் அணியின் இரண்டாம் பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கும் விழாக் குழுவுக்கும் வணக்கம். மற்றவங்களுக்கான வணக்கத்தைப் பந்தியில உட்காரும்போது சொல்லிக்கிடுதேன். பத்து நிமிஷந்தான் குடுத்திருக்காங்க.

எதிரணி அக்கா கடைசியா என்ன சொல்லிட்டு உட்கார்ந்தாங்க? “லட்சத்தீவுல போய்க் குடியிருந்தா ஒரு இணுக்குக் கறிவேப்பிலைக்குக் கொச்சியில இருந்து கப்பல் வரணும். கப்பல் வர்றதுக்குள்ள சட்டியில கடுகு கரிஞ்சிரும்!” நீங்க எல்லாரும் கைதட்டுனீங்க. நானும் தட்டுனேன். நல்ல வசனம். அந்தச் சத்தத்துல எங்க தலைவர் தண்ணியைக் கீழே கொட்டிட்டாரு.

அக்கா, கறிவேப்பிலைக்குக் கப்பல் வேண்டாம், ஒரு சட்டி போதும். எப்படின்னு சொல்லுதேன், குறிச்சுக்கிடுங்க.

அங்க இருக்கிறது நம்ம செம்மண் இல்ல. பவளம் உடைஞ்சு பொடிஞ்ச மணல், முழுக்கச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணுல இரும்புச்சத்து கிடந்தாலும் வேரால எடுக்க முடியாது. அதனாலதான் நேரா மண்ணுல நட்ட கறிவேப்பிலை கொஞ்ச நாள்லயே மஞ்சளடிக்கும். இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பார்க்கிறவங்க “உப்புக்காத்துப் பட்டுப் போச்சு”ன்னு பழியைக் காத்து மேல போடுவாங்க. உப்புக்காத்து பட்டா இலை நுனி கரியும், மஞ்சளாகாது. ரெண்டும் வேற வேற சீக்கு.

பெரிய சட்டி ஒண்ணு எடுங்க. தென்னை நார்க்கழிவு அங்க தாராளமாக் கிடைக்கும், ஆனா அதுல உப்பு ஊறியிருக்கும். நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசிப் பிழியணும். அதோட மக்குன குப்பை சரிபாதி. செடியைத் தென்மேற்குக் காத்து நேரா அடிக்காத மாதிரிச் சுவருக்குப் பின்னாடி வைக்கணும். இலை மஞ்சளடிச்சா ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு கிராம் அன்னபேதி உப்பு (அதான் இரும்புச்சத்து உப்பு), அதுல நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, சாயங்காலமா இலையில தெளிக்கணும். புளிச்ச மோர் வேர்ல ஊத்தலாம். எதிரணி அக்கா கப்பலைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நாங்க தாளிச்சு, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவி வச்சிருவோம்!

சரி, கப்பல்ல என்னதான் வருது? அரிசி, பருப்பு, வெங்காயம், காய்கறி, சிமென்ட், டீசல். அங்க மின்சாரத்துக்கும் பெரும்பாலும் அந்த டீசல்தான். மே 15-ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் சரக்கு உரு, அதாவது சாமான் ஏத்துற மரக்கப்பல், கடல்ல இறங்கக் கூடாது. பயணிக் கப்பல் ஓடும், ஆனா சொன்ன நாள்ல வரும்னு நம்பிக் கல்யாணத் தேதி குறிக்கக் கூடாது. ஆக ஒரு குடும்பம் செய்ய வேண்டியது, மே மாசம் பிறக்கிறதுக்கு முன்னாடியே நாலு மாசச் சாமானை வீட்ல ஏத்திடணும். மாசத்துக்கு மூணு கிலோ பருப்பு செலவாகிற வீடுன்னா பன்னிரண்டு கிலோ. சின்ன வெங்காயத்தைச் சாக்குல கட்டி மூலையில வைச்சா அந்த ஈரத்துல பத்து நாள்ல முளைச்சுடும். வலைப்பையில போட்டு உத்தரத்துல தொங்கவிடணும். உப்பு தானாத் தண்ணியாகும், அதுக்கு மூடி போட்ட பீங்கான் ஜாடி. மீனைப் பத்திக் கவலை வேண்டாம். கடல் திறந்திருக்கிற எட்டு மாசமும் சூரை. அடைச்ச நாலு மாசத்துக்கு மாசி: சூரையை அவிச்சு, புகை காட்டி, கல்லு மாதிரிக் காயவச்சது. துருவித் தேங்காயோட அரைச்சா, நம்ம ஊர்க் கருவாட்டுக் குழம்பு கொஞ்சம் வெட்கப்படும்.

எதிரணித் தலைவர் அண்ணன் கேட்டாரு, “சாமான்செட்டை எப்படிய்யா கொண்டு போவீங்க?”

அண்ணே, அப்படிக் கேளுங்க! இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

விளவங்கோடு பக்கம் ஒரு வாத்தியார். பேர் வேண்டாம், சொன்னா மேடைக்குப் பின்னாடி வந்து நிப்பாரு. தீவுப் பள்ளிக்கூடத்துல வேலை கிடைச்சுது. வீட்டம்மாவுக்கு ஒரே நிபந்தனை. “எங்கப்பா வாங்கித் தந்த பீரோ வரணும்.” இரும்பு பீரோ, ஆறரை அடி, கதவுல ஆளுயரக் கண்ணாடி. பயணிக் கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. அப்போ சரக்கு உருவுலதான் போகணும், அதுக்குப் பேப்பூர் துறைமுகம். வாத்தியார் லாரி பிடிச்சு பீரோவைப் பேப்பூர்ல கொண்டு இறக்குனது எந்தத் தேதி? மே 17!

ரெண்டே நாள். பீரோ அங்கேயே குடோன்ல நாலு மாசம்.

இதுல என்ன கஷ்டம்னு கேக்குறீங்களா? வீட்டம்மாவோட சேலை பூராவும் பீரோவுக்குள்ள. சாவி வீட்டம்மா இடுப்புல. வீட்டம்மா தீவுல! பீரோ ஒரு கரையில, சாவி ஒரு கரையில, நடுவுல அரபிக் கடல். நாலு மாசம் ரெண்டே சேலை. ஒண்ணு உடுத்தியிருக்கும், இன்னொண்ணு காயும். மழைக்காலம் வேற, அது காயவும் செய்யாது. பக்கத்து வீட்டு உம்மா பார்த்தாங்க. “பாவம், வாத்தியார் சம்பளம் பத்தலை போல”ன்னு ஒரு துணி எடுத்துக் குடுத்தாங்க. மறுநாள் எதிர்வீட்ல இருந்து ஒண்ணு. சின்னத் தீவுல்ல, விஷயம் சாயங்காலத்துக்குள்ள சுத்தி வந்திருச்சு. ஓணம் கழிஞ்சு பீரோ வந்து சேரும்போது வீட்டம்மா கையில பதினோரு துணி. பீரோவைத் திறந்தா உள்ளே இடமில்ல!

இது வாத்தியார் சொல்லுற கதை. வீட்டம்மா சொல்லுற கதையில மே 17-க்குக் காரணம் வேற: லாரி வாடகையில முந்நூறு ரூபா குறைக்க வாத்தியார் ரெண்டு நாள் பேரம் பேசினாராம். எந்தக் கதை உண்மைன்னு குடும்பஸ்தர்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டாம்.

இன்னும் முடியலை. எல்லாத் தீவுலயும் கப்பல் கரையில அணையாது. பவளப்பாறைக்கு வெளியே ஆழத்துல நிக்கும். ஆளும் சாமானும் அங்கிருந்து சின்ன வள்ளத்துக்கு மாறணும். கப்பல் அசையாம நிக்கும், வள்ளம் மட்டும் அலையோட ஏறி இறங்கும். வள்ளம் மேல வரும்போதே காலை எடுத்து வச்சிரணும். இறங்கும்போது வச்சா ஒரு ஆள் ஆழத்துக்குப் போவீங்க. ரெண்டு கையும் சும்மா இருக்கணும், கயித்தைப் பிடிக்கக் கூடாது, மாலுமி உங்க முழங்கையைப் பிடிப்பாரு. இதெல்லாம் மனுஷனுக்குச் சொல்லலாம். பீரோவுக்கு யாரு சொல்ல? அது அலை இறங்கும்போது காலை வச்சிருச்சு. கண்ணாடி போச்சு. பாக்கிப் பீரோவை எட்டுப் பேர் தோளில தூக்கிட்டு வந்தாங்க. முதல் வருஷம் கீழ்த்தட்டுல துரு, ரெண்டாம் வருஷம் கீல் கையோட வந்திருச்சு. இப்போ அந்த பீரோவுல கோழி அடைகாக்குது.

அதனால, போறவங்க எடுத்துப் போக வேண்டியது இருபது கிலோவுக்கு மேல போகாத துணிப்பை, உள்ளே பிளாஸ்டிக் உறை. மரச்சாமான், அலுமினியம், பிளாஸ்டிக். எவர்சில்வர்லகூட 304 ரகம் புள்ளி விழும், 316 தாங்கும். அண்ணே, நீங்க பத்து நிமிஷம் பேசுனதெல்லாம் பீரோவோட நெருக்கடி. தீவோட நெருக்கடி இல்லை.

“சுத்திக் கடல், குடிக்கத் தண்ணி?”ன்னு ஒரு கேள்வி வந்துது. மழைத்தண்ணி மணல்ல இறங்கி, உப்புத்தண்ணி மேல மிதந்துக்கிட்டுக் கிடக்கும். நல்ல தண்ணி எடை குறைவு, அதான் மிதக்குது. கணக்கு என்னன்னா, கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழே ஏறக்குறைய நாப்பது அடி வரைக்கும் நிக்கலாம். மேல ஒரு அடி இறங்குனா கீழே நாப்பதடி உப்பு ஏறிவரும். நம்ம ஊர் மாதிரி பெரிய மோட்டார் போட்டு ஒரே மூச்சுல தொட்டியை நிரப்புனா ரெண்டாம் வாரம் காப்பி கரிக்கும். சின்ன மோட்டார், கொஞ்சங்கொஞ்சமா, பல தடவை. கிணத்துப் பக்கத்துல கக்கூஸ் குழி தோண்டுனா அந்த மணல் எதையும் வடிகட்டாது, நேரா கிணத்துக்கு வந்திரும். அங்க வீட்டைப் பாக்கப் போறவங்க முதல்ல சமையல்கட்டைப் பாக்காதீங்க; கிணறு எங்க, குழி எங்கன்னு பாருங்க.

குடிக்க மழைத்தண்ணி. வருஷத்துக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை. நூறு சதுர மீட்டர் கூரையில பாதியைப் பிடிச்சாலே 80 ஆயிரம் லிட்டர். நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளைக்கு இருபது லிட்டர்னா, மழை குறைஞ்ச ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் 2,400 லிட்டர். ஐயாயிரம் லிட்டர் தொட்டி தாராளம். முதல் மழையில 200 லிட்டரைக் கீழே விட்டிரணும், கூரை அழுக்கு அதுல போயிரும். லட்சத்தீவோட தலைநகர் கவரத்தியில 2005-லயே கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலை வந்தாச்சு, நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். மேல்தண்ணியை வெற்றிடத்துல ஆவியாக்கி, 350 மீட்டர் ஆழத்துல இருந்து குழாய்ல எடுத்த குளிர்ந்த தண்ணியால அந்த ஆவியைத் திரும்பத் தண்ணியாக்குறாங்க. அதுக்காகத் தனியா அடுப்பு மூட்டுறதில்லை.

ஆஸ்பத்திரி விஷயத்துல எதிரணி சொன்னது சரிதான். பெரிய சீக்குன்னா ஹெலிகாப்டர்ல கொச்சிக்குப் போகணும், காத்தும் மழையும் பிடிச்சா ஹெலிகாப்டரும் நிக்கும். மாசாமாசம் பெரிய ஆஸ்பத்திரியில காட்ட வேண்டியவங்க போக வேண்டாம். பிரசவம்னா நாள் நெருங்குறதுக்கு முன்னாடியே இக்கரைக்கு வந்திரணும். இதை எங்க அணியே சொல்லிருது, நடுவர் ஐயா எங்க நேர்மையைக் குறிச்சுக்கணும்.

இன்னொண்ணு. நினைச்ச உடனே போய்க் குடியேற அது நம்ம மார்த்தாண்டம் சந்தை இல்லை. 1967-ல போட்ட விதிப்படி வெளியாளுக்கு அனுமதிச் சீட்டு வேணும். அரசு அனுமதி இல்லாம நிலத்தை வெளியாளுக்கு விற்க முடியாது. 2011 கணக்குப்படி பத்துத் தீவுல 64 ஆயிரத்துச் சொச்சம் ஜனம், பித்ரா தீவுல மொத்தமே 271 பேர். அவங்க நிலத்தை நம்ம ரூபாய்க்கட்டுக்கு முன்னாடி வச்சா நாலு வருஷத்துல அது அவங்க தீவா இருக்காது. அதனால நமக்கு நேரான வழி வாத்தியார், நர்ஸ், இன்ஜினியர்னு வேலை உத்தரவோட போறதுதான். குழித்துறையில ரயில் ஏறி எர்ணாகுளம், அங்கிருந்து கப்பல்ல பதினாலுல இருந்து பதினெட்டு மணி நேரம். வாடகை வீட்ல இருந்து, வேலையைப் பார்த்து, மரியாதையா வாழலாம். எதிரணி இந்த விதிகளைத் தடைன்னாங்க. நான் அதை வேலின்னு சொல்லுதேன். அங்க சொத்து பெண்வழியில போகுது, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு விருந்தாளி மாதிரி. நாஞ்சில் நாட்டுப் பெரியவங்களைக் கேளுங்க, மருமக்கள் வழி இந்த மண்ணுக்கும் புதுசில்லை.

மணி அடிச்சாச்சு. ஒரு நிமிஷம், ஐயா.

1956 நவம்பர் 1. நம்ம குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்துக்குள்ள வந்த நாள். அதே நாள்லதான் அந்தத் தீவுகள் சென்னை மாநிலத்தை விட்டு வெளியே போய் யூனியன் பிரதேசமாச்சு. நாம ஒரு வாசல் வழியா உள்ளே வர, அவங்க இன்னொரு வாசல் வழியாப் போனாங்க. முகம் பாக்காமலே போயிட்டோம்.

முகம் பாத்தது 2017-ல. நவம்பர் 30, ஒக்கி. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து விசைப்படகு எல்லாம் ஆழ்கடல்ல கிடந்துது. இங்க கரையில ஒவ்வொரு வீட்லயும் போனைக் கையில வச்சுக்கிட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தாங்க. கோயில் மணியும் மாதா கோயில் மணியும் அடிச்சுக்கிட்டே இருந்துது. எத்தனையோ பேர் திரும்பலை. திரும்புனவங்கள்ல சில பேர் காத்து தள்ளித் தள்ளி லட்சத்தீவுக் கரையில போய்ச் சேர்ந்தவங்க. அதே புயல் அந்தத் தீவுகளையும் அடிச்சுது. அவங்க தென்னை சாஞ்சு கிடந்துது, வள்ளம் உடைஞ்சு கிடந்துது. அந்த நிலையிலயும் நம்ம பிள்ளைகளைக் கரையேத்திச் சோறு போட்டாங்க. உருவுக்குக் காத்திருந்து வந்த அரிசி அது.

எதிரணி அக்கா, கறிவேப்பிலை இருந்துதா இல்லையான்னு அந்தச் சோத்தைத் தின்ன பிள்ளைகள்கிட்ட நான் கேக்கலை. நீங்க வேணும்னா கேளுங்க. இந்தக் கூட்டத்துல பின்வரிசையில தூத்தூர்ப் பக்கத்து அம்மாமார் உட்கார்ந்திருக்காங்க. நடுவர் ஐயா, தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க. வணக்கம்.