கூடையில் சுமந்தது போதும்

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம். "எழுந்து நடமாட முடியாத வாழ்க்கைத் துணைக்கு ஏற்ற இடம் வீடா, பராமரிப்பு இல்லமா?" என்பது தலைப்பு. பராமரிப்பு இல்லமே என்ற அணியில் நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா நளாயினியை மேடைக்கு அழைத்து வந்தார். தொழுநோய்க் கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்தவள் எங்கே, இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளும் நாம் எங்கே என்று கேட்டார். நல்ல கைதட்டல். ஆனால் கதையைப் பாதியிலேயே இறக்கி வைத்துவிட்டார். இருட்டில் ஒற்றை ஆளாகச் சுமந்து போனபோதுதான் கழுவில் கிடந்த மாண்டவ்ய முனிவர் மேல் இடித்தது. விடிந்தால் கணவன் சாவான் என்று சாபம் விழுந்தது. அவள் சூரியனையே நிறுத்திவிட்டாள். நம் அம்மாமார்களுக்கு விடிந்தால் வாசலில் பேக்டரி பஸ் வந்து ஹாரன் அடிக்கும்.

அன்பு இருக்கிறதா என்று நாங்கள் கேட்கவே இல்லை. இருக்கிறது, ஒப்புக்கொண்டோம். எத்தனை கை இருக்கிறது, அதில் ராத்திரி எத்தனை கை விழித்திருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

கணக்குப் பாருங்கள். பக்கவாதத்தில் விழுந்து தானாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ராத்திரி 10, 12, 2, 4, 6. முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் மெத்தையில் படக்கூடாது. கட்டிலில் கீழே சரிந்துவிட்டவரை மேலே ஏற்ற, விரிப்பின் இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்க வேண்டும். ஒற்றை ஆள் என்ன செய்வார்? அக்குளில் கை கொடுத்து இழுப்பார். தோல் மெத்தையோடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பும் சதையும் நகரும். வாலெலும்புக்கு மேல் வரும் புண் பலருக்கு இந்த இழுப்பின் வேலை. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தாலோ தோள் மூட்டு இறங்கிவிடும்.

படுக்கைப்புண் சிவப்பாகத் தொடங்கும் என்று துண்டறிக்கையில் போட்டிருப்பார்கள். நம் தோலில் சிவப்பைத் தேடினால் எங்கே தெரியும்? தடவிப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது தொட்டால் கொழகொழவென்று இருந்தால் அதுதான் தொடக்கம். உடனே காற்று வளையத்தைத் தூக்கி அடியில் வைப்பார்கள். அதன் விளிம்பு ரத்த ஓட்டத்தை அடைத்துப் புண்ணைப் பெரிதாக்கும். மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும் மெத்தை நல்லதுதான், வாங்கலாம். ஆனால் அது வந்துவிட்டது என்று புரட்டுவதை நிறுத்தினால் காசும் போச்சு, தோலும் போச்சு.

மூக்குக் குழாயில் பால் கொடுப்பவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். ஒவ்வொரு வேளையும் மூக்கருகே குழாயின் அளவுக்குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று அறிய, அதன் வழியே உறிஞ்சி எடுத்த நீரைச் சோதனைத் தாளில் வைத்தால் பிஎச் என்ற அமில அளவு 5.5க்கு மேல் போகக்கூடாது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரம். கொடுத்து முடித்தும் ஒரு மணி நேரம் தாழ்த்தக்கூடாது. தூக்கக் கலக்கத்தில் தாழ்த்திவிட்டால் பால் நுரையீரலுக்குள் போகும், நிமோனியா வரும். இதையெல்லாம் பகலெல்லாம் உழைத்த அறுபது வயது மனைவி தவறாமல் செய்வார் என்று எதிரணி நம்புகிறது. தெய்வம்கூட ஆறு கால பூசைக்கு மேல் கேட்பதில்லை, ஐயா.

"அரசாங்கத் தாதி வீட்டுக்கே வருகிறாரே?" என்றார் எதிரணித் தலைவர். உண்மை. சுகாதார அமைச்சின் அந்தச் சேவை அருமையானது. புண்ணுக்குக் கட்டுப் போடுவார், குழாய் மாற்றுவார், கற்றுக் கொடுப்பார். பகலில் வருவார், போய்விடுவார். "தோட்டத்து லயத்தில் பத்து வீடும் ஒரு குடும்பம்" என்றார். இருந்தது. தோட்டம் துண்டானது, பிள்ளைகள் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பக்கத்து வீட்டில் இன்று யார்? பூட்டு.

பார்த்துக்கொள்பவர் இடுப்பு ஒடிந்து விழும்வரை காத்திருந்தால் நடப்பதைச் சொல்கிறேன். அவரை மருத்துவமனைக்கு ஏற்றிய அன்றே, எங்கே கட்டில் காலியோ அங்கே துணைவரைப் போட வேண்டும். தெம்பாக நிற்கும்போதே தேடினால்தான் இடத்தைப் பொறுக்கி எடுக்கலாம். சில இல்லங்கள் ஓரிரு வாரம் மட்டும் வைத்துக்கொள்ளும்; அப்படித் தொடங்குங்கள். நினைவு தெளிவாக உள்ளவர் என்றால் அவரையும் அழைத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள். அவர் உடம்பு அது.

போனதும் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநலத் துறையில் பதிந்ததா, 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி சுகாதார அமைச்சின் உரிமம் பெற்ற மருத்துவப் பராமரிப்பு இல்லமா? முதல் வகையில் பல, நடமாடும் முதியவர்களுக்கே தோதானவை. குழாயும் புண்ணும் உள்ளவர் என்றால் வாயால் உறுதி வாங்கினால் போதாது. அப்படிப்பட்டவர் ஒருவராவது அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். பகலில் வரவேற்பறை எல்லா இடத்திலும் மணக்கும். சாயங்காலம் ஏழரைக்குச் சொல்லாமல் போங்கள். ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், புரட்டிய நேரத்தை எழுதும் தாள் எங்கே என்று கேளுங்கள். மாடி அறை என்றால் நெருப்புப் பிடித்தால் எப்படி இறக்குவார்கள் என்றும் கேளுங்கள். மாதக் கட்டணத்தில் பெம்பர்ஸ், பால் மாவு, கட்டுத்துணி, மருத்துவமனைக்குத் துணை வருவது எல்லாம் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். பில்லில் வயிறு எரிவது அங்கேதான்.

இந்தக் காசு எங்கே என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எல்லாருக்கும் பதில் இல்லை. தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் பெறுபவர் இடைவிடாக் கவனிப்பு தேவைப்படும் நிலையில் இருந்தால், மருத்துவ வாரியம் உறுதிசெய்ததும் மாதம் 500 ரிங்கிட் தனியாக உண்டு. பலர் மனுவே போடுவதில்லை. படுக்கையில் இருப்பவரை வீட்டில் கவனிப்பவருக்குச் சமூகநலத் துறை தரும் உதவித்தொகை வேறு; இடம் மாறினால் அந்த அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும். அரசின் முதியோர் இல்லமான ருமா ஸ்ரீ கெனாஙான் இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஆதரவற்ற, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய முதியோருக்கானது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், சேர்க்கும் நாளுக்கு வருகிறேன். மருந்துப் பட்டியலை வேளையோடு எழுதிக் கொடுங்கள். உடம்பில் ஏற்கெனவே உள்ள புண், கன்றல் எல்லாவற்றையும் தாதியின் கண்முன்னே படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் யார் வீட்டுப் புண் என்ற சண்டை வராது. வேலையாட்களுக்குத் தமிழ் தெரியாவிட்டால் கட்டில் தலைமாட்டில் அட்டை ஒன்று: வலி என்றால் சாகிட், தண்ணி என்றால் ஆயேர். பேச்சு குழறும்போது சிலருக்கு மலாய் முதலில் மறந்துபோகும், தமிழ் மட்டும் நிற்கும். "பழகட்டும், ஒரு மாதம் வராதீர்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். வாயால் சாப்பிடுபவர் என்றால் நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கரண்டி விழுங்கிய பிறகு அடுத்த கரண்டி. ராத்திரி தூங்கி எழுந்த கைக்குத்தான் அந்தப் பொறுமை வரும். நன்றி, வணக்கம்.