குலுக்கல் உங்கள் கையில் இல்லை, 28 நாள் உங்கள் கையில்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓராண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்க்கலாம், செலவுக்கு அங்கேயே வேலையும் செய்துகொள்ளலாம். இதற்கு உதவும் ஒர்க் அண்ட் ஹாலிடே விசா, அதாவது 462 எண் விசா, இந்தியர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது 2024-இல்தான். இரு நாடுகளும் 2022 ஏப்ரலில் கையெழுத்திட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தத்தின் வழியாக வந்த வாய்ப்பு இது. ஆண்டுக்கு 1,000 இடம். இந்தியா முழுமைக்கும் அவ்வளவுதான். 2024 அக்டோபரில் முதல் பதிவு திறந்தபோது இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் குலுக்கல். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்கு இதே விசாவில் குலுக்கல் கிடையாது, நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

குலுக்கலில் மதிப்பெண்ணோ வேலை அனுபவமோ எடுபடாது. ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் இம்மி அக்கவுண்ட் என்ற கணக்கைத் தொடங்கி, 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டிப் பதிய வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 1,500 ரூபாய், பெயர் விழாவிட்டால் திரும்பி வராது. ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு பதிவுதான். வயது 18 முதல் 30 வரை, 31-ஆம் பிறந்தநாள் வந்துவிட்டால் முடிந்தது. பதிவு திறக்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதை அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். "எங்கள் வழியாகப் போட்டால் பெயர் நிச்சயம் விழும்" என்று சொல்லி லட்சம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். யார் வழியாக வந்த பதிவு என்று குலுக்கல் பார்ப்பதில்லை.

பதிவுக்குக் கடவுச்சீட்டோடு பான் அட்டையும் வேண்டும். நம் ஊர்க்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் ஒட்டியிருக்கும், கல்லூரிச் சான்றிதழில் வெறும் இனிஷியல். படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளது உள்ளபடிதான் எழுத வேண்டும். ஒரே பெயர்தான் இருக்கிறதென்றால் அதைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றதைக் காலியாக விடுங்கள். அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். பான் அட்டையில் திருத்தம் தேவையென்றால் பதிவு திறக்கும் முன்பே முடித்துவிடுங்கள், அதற்குச் சில வாரம் ஆகும்.

பெயர் விழுந்தால் மின்னஞ்சல் வரும். அன்றிலிருந்து 28 நாளுக்குள் முழு விண்ணப்பமும் போய்ச் சேர வேண்டும். அதிர்ஷ்டம் அடித்தும் ஏமாறுகிறவர்கள் ஏமாறுவது இந்த 28 நாளில். மின்னஞ்சல் ஸ்பேமில் கிடக்கும், கவனிக்க மாட்டார்கள். அல்லது அதற்குப் பிறகுதான் ஆங்கிலத் தேர்வுக்குத் தேதி தேடுவார்கள். ஆகவே, பெயர் விழுமா விழாதா என்று தெரியாத நிலையிலேயே காகிதங்களைச் சேர்த்துவைப்பதுதான் சரி.

படிப்பில், பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுப் படிப்பை வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும். பட்டமே வாங்கியிருந்தால் சிக்கலில்லை. இறுதியாண்டில் இருப்பவர்கள் முதல் நான்கு செமஸ்டரின் மதிப்பெண் பட்டியலைக் காட்டலாம், ஆனால் அந்த நான்கில் அரியர் இருந்தால் 'வெற்றிகரமாக' என்ற சொல் உதைக்கும். ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ் தேர்வில் சராசரி 4.5 போதும், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். முழுக்க ஆங்கில வழியில், குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேரமாகப் படித்துப் பட்டமோ டிப்ளமாவோ முடித்தவர்களுக்குக் கல்லூரி தரும் பயிற்றுமொழிச் சான்றே போதும், தேர்வுக் கட்டணம் மிச்சம். ஆனால் கல்லூரி அலுவலகத்தில் அந்தச் சான்று ஒரே நாளில் கிடைத்துவிடாது, முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, கையிருப்பாக 5,000 டாலர், அதாவது சுமார் மூன்று லட்சம் ரூபாய் காட்ட வேண்டும். அதற்கு மேல் திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் பணம் வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மாமாவிடம் கைமாற்று வாங்கி மொத்தமாகக் கணக்கில் போட்டால், "இது எங்கிருந்து வந்தது?" என்று கேள்வி வரும். சில மாதங்களாகச் சேர்ந்த கணக்காகத் தெரிவது நல்லது. விசாக் கட்டணம் 2025 ஜூலையிலிருந்து 670 டாலர். மார்பு எக்ஸ்ரே கேட்டால், ஆஸ்திரேலியா அங்கீகரித்த மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும், சென்னையில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. குடும்ப டாக்டர் தரும் சான்று செல்லாது. விண்ணப்பிக்கும்போதும் விசா கிடைக்கும்போதும் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். குழந்தைகளை அழைத்துப் போக முடியாது. கணவனும் மனைவியும் போக நினைத்தால் இருவரும் தனித்தனியே குலுக்கலில் ஜெயிக்க வேண்டும்.

விசா கிடைத்த பின் ஓராண்டுக்குள் போய் இறங்கலாம், இறங்கிய நாளிலிருந்து 12 மாதம் தங்கலாம். பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. படிப்பென்றால் நான்கு மாதம்தான். ஆஸ்திரேலியாவோடு இந்தியாவுக்கு மருத்துவ ஒப்பந்தம் இல்லை, எனவே காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

இரண்டாம் ஆண்டு தங்கக் குலுக்கல் வேண்டாம், இதற்கென ஆஸ்திரேலிய உள்துறை பட்டியலிட்டிருக்கும் வேலையில், பட்டியலிட்ட பகுதியில் மூன்று மாதம், அதாவது 88 நாள் இருந்திருந்தால் போதும். வேலை என்ன என்பதைவிட அது எங்கே என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கெய்ன்ஸ் நகரத்துக் கஃபேயில் பரிமாறினால் அது கணக்கில் சேரும், ஏனென்றால் அது வட ஆஸ்திரேலியா. சிட்னியில் அதே வேலை, அதே சம்பளம், ஆனால் ஒரு நாள்கூடக் கணக்கில் ஏறாது. சேருமுன் வேலை நடக்கும் இடத்தின் அஞ்சல் எண்ணை உள்துறையின் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் முழுநேரமாக மூன்று மாதம் இருந்தால் வார விடுமுறையும் 88-இல் சேரும். விட்டு விட்டு வேலை செய்தால், செய்த நாள் மட்டும். சம்பளச் சீட்டை ஒவ்வொன்றாகச் சேர்த்து வையுங்கள். கையில் காசாகக் கொடுத்துச் சீட்டுத் தராத முதலாளியிடம் செய்த நாளை நிரூபிப்பது பெரும்பாடு. பழம் பறிக்கும் வேலையில் கூடைக்கு இவ்வளவு என்று பேசினாலும், 2022 ஏப்ரலிலிருந்து மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி தந்தாக வேண்டும் என்பது சட்டம். பேரம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இறங்கியதும் வரி எண் வாங்குங்கள், இணையத்தில் இலவசம். இந்த விசாவில் முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி, 45,000 டாலர் வரை. முதலாளி சூப்பர் என்ற ஓய்வூதியக் கணக்கிலும் பணம் கட்டுவார். விசா முடிந்து நாட்டைவிட்டு வெளியேறிய பிறகுதான் அதை எடுக்க முடியும், எடுக்கும்போது 65 சதவீதம் வரியாகப் போய்விடும். மிஞ்சுவதும் சும்மா விடுகிற தொகையல்ல. கிளம்புமுன் ஒவ்வொரு சூப்பர் கணக்கின் உறுப்பினர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், பழைய ஆஸ்திரேலியத் தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக நிரந்தர மின்னஞ்சலைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

வணக்கம்.